நான்கு கை ஆலயம்: தரங்கம்பாடி லுத்தரன் கோயிலும் அதன் உட்பொருள்களும்

பெங்களூரில் குடியேறிய நமக்குத் தரங்கம்பாடி ஒன்றும் எட்டாத ஊர் அல்ல. இரவு ரயிலில் ஏறிப் படுத்தால் விடிகிற நேரத்துக்குக் காவிரிக்கரை வந்துவிடும். மயிலாடுதுறையில் இறங்கிப் பஸ் பிடித்தால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். நம் சங்கத்து அன்பர்களில் பலருக்கு அந்தப் பக்கமே சொந்த ஊர். ஆனாலும் தரங்கம்பாடி என்றால் கோட்டை, கடற்கரை, நாலு போட்டோ, அப்புறம் திருக்கடையூர் தரிசனம் என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அங்கே ராஜ வீதியில் நிற்கும் புதிய எருசலேம் ஆலயத்துக்குள் நுழைந்து பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

"நயினார், நீங்க சமணர். லுத்தரன் கோயிலைப் பத்தி உங்களுக்கு என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் கடை வைத்துப் பிழைத்தவன். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அங்கே எந்தச் சாமான் எந்த இடத்தில் இருக்கிறது என்றுதான் என் கண் முதலில் போகும். நடுக்கூடத்தில் ஊஞ்சல் இருந்தால் ஒரு மாதிரி குடும்பம், இரும்புப் பெட்டி இருந்தால் வேறு மாதிரி குடும்பம். கோயிலும் அப்படித்தான். எதை நடுவில் வைத்தார்கள், எதை உயரத்தில் வைத்தார்கள், யாரை எங்கே உட்கார வைத்தார்கள் என்று பார்த்தால் அந்தச் சபையின் மனசு தெரிந்துவிடும். அந்த முறையில் இந்த ஆலயத்தைப் படிக்க முயன்றதே இக்கட்டுரை.

ஊரும் டேனிஷ்காரரும்

தரங்கம்பாடிக்குக் கல்வெட்டில் வழங்கும் பெயர் சடங்கன்பாடி. குலசேகரன்பட்டினம் என்பது அதன் மறுபெயர். கடற்கரையில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. ஆக, வெள்ளைக்காரர் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே அது பெயர் பெற்ற பட்டினம் என்பதை முதலில் மனதில் வைக்க வேண்டும்.

டென்மார்க் அரசன் 4ஆம் கிறிஸ்டியான் 1616இல் ஒரு வாணிகக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தான். அதன் கப்பல்களோடு வந்த ஓவ கெத்தே 1620 நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசனுக்கு எழுதியனுப்பிய தங்க ஏட்டுத் தமிழ்க் கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. மிளகு, துணி வியாபாரத்துக்காக எழுந்ததுதான் டான்ஸ்போர்க் கோட்டை. 225 ஆண்டு வியாபாரம் செய்து, கடைசியில் 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கணக்குப் பார்த்தால் அந்த வியாபாரத்தில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சியது வேறு.

ஒரு வீதி, இரண்டு கோயில்

ராஜ வீதியில் சற்று இடைவெளியில் இரண்டு பழைய கிறிஸ்தவ ஆலயங்கள் உண்டு. பார்க்கப் போகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம்.

ஒன்று சீயோன் ஆலயம், 1701இல் கட்டியது. கோட்டை அதிகாரிகள், சிப்பாய்கள், கம்பெனி வியாபாரிகள் என்று டேனிஷ்காரர் தங்கள் வழிபாட்டுக்காகக் கட்டிக்கொண்டது. இந்தியாவின் முதல் சீர்திருத்தக் கிறிஸ்தவ ஆலயம் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியன்னை ஆலயம் 1680இலேயே முடிந்துவிட்டது. சீயோன் ஆலயம் இப்போது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது.

மற்றொன்று நம் கட்டுரையின் பொருளான புதிய எருசலேம் ஆலயம். இது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு உரியது. இது எப்படி வந்தது என்பதற்குச் சீகன்பால்கு ஐயரின் கதை தெரிந்தாக வேண்டும்.

பர்த்தலோமேயு சீகன்பால்கு ஜெர்மனியில் சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் 1682இல் பிறந்தவர். டென்மார்க் அரசன் 4ஆம் பிரெடெரிக் அனுப்பிவைக்க, ஹென்றி புளுட்சோ என்பவரோடு 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வந்தவருக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்து வயதான வாத்தியார் ஒருவரைத் தம் இடத்துக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாய் மணலில் விரலால் எழுதிப் படித்தார். இரண்டே வருஷத்தில், 1708இல், தாம் சேர்த்த தமிழ் ஏட்டுச் சுவடிகளுக்கு ஒரு பட்டியலே எழுதிவிட்டார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். கன்னடத்துக்கு அகராதி தந்த கிட்டல் ஐயரை நம் பெங்களூர்க்காரர் அறிவர். அந்த அகராதி 1894இல் வந்தது. சீகன்பால்கு அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தவர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவரிடம் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் டேனிஷ் எஜமானர்களிடம் அடிமைகளாக இருந்த 5 பேர். 1707 மே மாதத்தில் அது சீயோன் ஆலயத்தில் நடந்தது. ஆனால் எஜமானர் கோயிலில் அடிமைக்கு எவ்வளவு நாள் இடம் இருக்கும்? அவர்களுக்கென்று ஒரு சிறு ஆலயம் கட்டி 1707 ஆகஸ்ட் 14ஆம் தேதி திறந்தார்கள். அதன் பெயர் எருசலேம். கோட்டைத் தலைவர் ஹாசியுஸுக்கும் சீகன்பால்குக்கும் ஒத்துப்போகவில்லை. 1708 கடைசியில் அவரைப் பிடித்துக் கோட்டையிலேயே 4 மாதம் அடைத்து வைத்தார்கள். அரசன் அனுப்பிய ஆளை அரசனின் அதிகாரியே சிறையில் போட்டார்!

சபை பெருகியது. முதல் ஆலயம் போதவில்லை. சீகன்பால்கு 1714இல் ஐரோப்பா போய், மணம் முடித்து, 1716இல் திரும்பினார். 1717 பிப்ரவரி 9ஆம் தேதி புதிய ஆலயத்துக்கு அடிக்கல் வைத்தார். 1718 அக்டோபர் 11ஆம் தேதி பிரதிஷ்டை நடந்தது. பழையது எருசலேம் என்பதால் இது புதிய எருசலேம் ஆயிற்று. முகப்பில் மகுடத்தோடு கூடிய 4ஆம் பிரெடெரிக்கின் பெயர்முத்திரையும் 1718 என்ற ஆண்டும் இன்றும் இருக்கின்றன. சிறையில் போட்ட ஊரிலேயே, அரச முத்திரையைத் தெருவைப் பார்த்து வைத்துவிட்டார்கள். இந்தக் கோயிலில் யாரும் கை வைக்க முடியாது என்பதற்கு அதைவிடப் பெரிய பத்திரம் வேறு வேண்டுமா?

சிலுவை வடிவம்

இந்த ஆலயத்தின் தரைப்படம் சிலுவை. ஆனால் எல்லாச் சிலுவையும் ஒன்றல்ல. ஐரோப்பாவில் பல பெரிய கோயில்களில் ஒரு கை நீளமாக இருக்கும். அதில் ஜனங்கள் நிற்பார்கள். மறுகோடியில், எட்டாத தூரத்தில், பீடம் இருக்கும். பெங்களூரில் பழைய கண்டோன்மெண்ட் பகுதிக் கோயில்கள் சிலவற்றைப் பார்த்தவர்களுக்கு இந்த நீள அமைப்புத் தெரிந்திருக்கும். தரங்கம்பாடியில் நான்கு கைகளும் சமநீளம். கூட்டல் குறி போட்டதைப் போல. இதனால் கடைசி வரிசை என்று ஒன்று அதிகத் தூரம் போகாது. நடுவில் நின்று ஒருவர் பேசினால் நான்கு பக்கமும் காதில் விழும். மைக் இல்லாத காலத்தில் இது சாதாரண விஷயம் அல்ல.

மார்ட்டின் லூதர் 1517இல் தொடங்கிய சீர்திருத்தத்தின் சாரமே, வேதவசனம் ஜனங்களின் சொந்த பாஷையில் அவர்கள் காதில் விழ வேண்டும் என்பதுதான். அப்படியானால் கோயில் என்பது பார்க்கிற இடம் என்பதைவிடக் கேட்கிற இடம் ஆகிறது. அதனால்தான் ஐரோப்பாவிலும் சீர்திருத்தச் சபையார் பல இடங்களில் நடுவை நோக்கிய அமைப்பைத் தேர்ந்தார்கள்.

இங்கே என் சமண மனசு கார்க்களாவுக்கு ஓடியது. நம் கர்நாடகத்துக் கார்க்களாவில் 1586இல் கட்டிய சதுர்முக பஸதி இருக்கிறது. நான்கு வாசல், நான்கு முகம். எந்த வாசலில் நுழைந்தாலும் அரநாதர், மல்லிநாதர், முனிசுவிரதர் என்று அதே மூன்று தீர்த்தங்கரர் திருவுருவம். பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. அதற்கு மூலம் சமவசரணம் என்ற எங்கள் கருத்து. தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சபையில் அவர் நான்கு திக்கும் பார்த்திருப்பதாகத் தோன்றும். அவருடைய திவ்யத்வனி ஒவ்வொருவருக்கும் அவரவர் பாஷையில் கேட்கும் என்பது நம்பிக்கை. ஜெர்மன்காரருக்குச் சமவசரணம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. எல்லார் காதிலும் விழ வேண்டும் என்று நினைக்கிறவன் எந்த மதத்தில் இருந்தாலும் நடுவை நோக்கித்தான் கட்டுகிறான், அவ்வளவே.

பிரசங்க பீடம்

லுத்தரன் ஆலயத்துக்குள் மூன்று பொருள்கள் முக்கியம். பிரசங்க பீடம், பலிபீடம், ஞானஸ்நானத் தொட்டி. மற்றவை எல்லாம் இவற்றுக்குத் துணை.

பிரசங்க பீடம் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். உயரம் பேசுகிறவரின் பெருமைக்காக அல்ல, குரலுக்காக. பழைய பிரசங்க பீடங்களுக்கு மேலே ஒரு மரக்கூரை வைப்பார்கள். அதுவும் அலங்காரம் மட்டும் அல்ல, குரல் மேலே போய்க் கரையாமல் ஜனங்களை நோக்கித் திருப்பிவிடும் பலகை.

இந்தப் பீடத்தில் வைக்கும் புத்தகம்தான் தரங்கம்பாடியின் தனிப்பெருமை. 1712இல் இங்கிலாந்திலிருந்து ஓர் அச்சு இயந்திரம் வந்தது. மறுவருஷம் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. அவை பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், இங்கேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையும் போட்டார்கள். 1714, 1715 ஆண்டுகளில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. இங்கேயும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். தமிழில் முதல் அச்சுப் புத்தகம் இது அல்ல. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் அதற்கு முந்தியது. ஆனால் ஒரு மிஷன் தானே எழுத்து வார்த்து, காகிதம் செய்து, விடாமல் தமிழ்ப் புத்தகம் போட்டது தரங்கம்பாடியில்தான். அச்சகம் வந்த சில ஆண்டுகளுக்குள் பாட்டுப் புத்தகமும் வந்துவிட்டது. ஜெர்மன் மெட்டில் தமிழ் வார்த்தை. பின்னாளில் பப்ரிசியுஸ் ஐயர் அந்த ஞானப்பாட்டுகளைச் செம்மைப்படுத்தினார். அதற்கும் பின்னால் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடினார். இன்று லுத்தரன் ஆலயத்தில் இரண்டும் ஒலிக்கும்.

புத்தகத்தை நடுவில் வைத்து வணங்குவது எங்களுக்குப் புதிது இல்லை. சுருத பஞ்சமி அன்று நாங்கள் ஆகமச் சுவடிகளைப் பூஜிக்கிறோம். ஆனால் நாங்கள் சுவடியைப் பட்டுத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தோம். இவர்கள் அச்சடித்துத் தெருவில் கொடுத்தார்கள். செல்லரித்துப்போன சுவடிகளை நினைத்தால் யார் செய்தது கெட்டிக்காரத்தனம் என்று சொல்லவேண்டியதில்லை.

பலிபீடமும் இரண்டு கல்லறைகளும்

பெயர் பலிபீடம் என்றாலும் லுத்தரன் சபையில் அது திருவிருந்து பரிமாறும் மேஜைதான். அப்பமும் திராட்சரசமும் அங்கிருந்து சபைக்கு வருகின்றன. பீடத்தின் மேல் ஒரு சிலுவையும் மெழுகுவர்த்தித் தண்டுகளும் இருப்பது லுத்தரன் வழக்கம். சீர்திருத்தத்தின்போது சில சபைகள் படம், சிலுவை, விளக்கு எல்லாவற்றையும் வெளியே தள்ளின. லூதர் அவ்வளவு தூரம் போகவில்லை. வணங்காதவரை இருந்துவிட்டுப் போகட்டும், பாடம் சொல்ல உதவும் என்பது அவர் போக்கு. லுத்தரன் கோயில் வெறுமையாகவும் இல்லாமல் நெரிசலாகவும் இல்லாமல் இருப்பதற்குக் காரணம் இது.

புதிய எருசலேம் ஆலயத்துப் பீடத்துக்கு வேறொரு சிறப்பும் உண்டு. அதன் ஒரு பக்கம் சீகன்பால்கு அடக்கமாகியிருக்கிறார். பிரதிஷ்டை நடந்தது 1718 அக்டோபரில். அவர் காலமானது 1719 பிப்ரவரி 23இல். தாம் கட்டிய கோயிலில் ஐந்து மாதம்கூட முழுசாகப் பிரசங்கம் செய்யவில்லை. வயது 36. மறுபக்கம் அவரோடு உழைத்த கிரண்டலர், 1720இல் காலமானவர். பிரசங்கம் கேட்க உட்காருகிறவர் கண்ணுக்கு நேரே பீடம். பீடத்துக்கு இரு பக்கமும் அந்தப் பிரசங்கத்தைத் தொடங்கியவர்கள். சாவைக் கோயிலுக்குள் கொண்டுவருவது நம் வழக்கத்துக்கு ஒவ்வாததுதான். ஆனால் அங்கே நின்றபோது எனக்கு அது தீட்டாகப் படவில்லை. கடன் பத்திரத்தில் போட்ட கையெழுத்தாகப் பட்டது.

தொட்டியும் பாத்திரமும்

ஞானஸ்நானத் தொட்டி சிறியது. லுத்தரன் சபையில் குழந்தைக்கே ஞானஸ்நானம் உண்டு. நீரில் முழுக வைக்காமல் தலையில் மூன்று முறை நீர் வார்ப்பது வழக்கம். ஆகையால் ஆழமான தொட்டி தேவையில்லை. எந்தக் குலத்தில் பிறந்தவனுக்கும் அதே தொட்டி, அதே தண்ணீர்.

பாத்திரத்தின் கதை அவ்வளவு சுலபமாக முடியாது. லூதருக்கு முன் ஐரோப்பாவில் திராட்சரசப் பாத்திரம் குருமாருக்கு மட்டும், ஜனங்களுக்கு அப்பம் மட்டும் என்றிருந்தது. அதை மாற்றிப் பாத்திரத்தை எல்லாருக்கும் கொடுத்தது சீர்திருத்தம். அங்கே அது குருவுக்கும் ஜனங்களுக்கும் இடையிலான விவகாரம். அதே பாத்திரம் காவிரிக்கரைக்கு வந்தபோது வேறு விவகாரம் ஆகிவிட்டது. ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வாய் வைப்பதா? எச்சில் என்ற சொல் நம் ஊரில் எவ்வளவு கனமானது என்று எல்லாருக்கும் தெரியும். யார் முதலில் குடிப்பது, யார் பிறகு என்ற வரிசை சபைக்குள் வந்துவிட்டது. மேல்குலத்தார் என்று எண்ணியவர்கள் முதலில், ஒடுக்கப்பட்டவர்கள் கடைசியில். பாத்திரம் ஒன்றுதான். வரிசை இரண்டு.

பாயும் பெஞ்சும்

இங்கேதான் இந்த ஆலயம் எனக்குச் சொன்ன முக்கியமான பாடம் இருக்கிறது.

தொடக்க காலத்தில் உட்காரும் முறை இப்படி: ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். போர்த்துகீசிய மொழி பேசி ஐரோப்பிய உடை உடுத்தியவர்களுக்குப் பெஞ்சு, நாற்காலி. வேஷ்டி, சேலை கட்டிய தமிழர்களுக்குத் தரையில் பாய். இதுவரை இது பழக்கத்தைப் பொறுத்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் தமிழர்களுக்குள்ளேயே சாதி பார்த்து இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். நான்கு கைகளையும் சமமாக அளந்து கட்டிய கோயிலுக்குள், அளந்தே ஒரு இடைவெளியையும் விட்டார்கள்.

அது உட்காருவதோடு நிற்கவில்லை. 1733 டிசம்பரில் ஆரோன் என்ற தமிழர் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவில் சீர்திருத்தச் சபையின் முதல் இந்தியக் குரு அவர். கடலூர் வெள்ளாளர். இது பெருமை. ஆனால் அதே காலத்தில் இராஜநாயக்கன் என்றொருவர் இருந்தார். தஞ்சைப் படையில் இருந்தவர். பறையர் குலத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான புத்தகத்தைப் படித்தே லுத்தரன் சபைக்கு வந்தவர். உபதேசியாராகப் பல ஆண்டு உழைத்தார். அவருக்கும் பட்டம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தது. அவர் கையால் திருவிருந்து வாங்க மற்றவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. 1741இல் தியாகு என்பவருக்குப் பட்டம் கிடைத்தது. இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான். பிரசங்க பீடத்தின் படி நாலைந்துதான் இருக்கும். அவருக்கு அது ஏறமுடியாத மலை ஆகிவிட்டது.

வெள்ளைக்கார ஐயர்மாரைக் குறை சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அவர்களை விட்டுவிடவும் முடியாது. அவர்களில் பலர் இதைச் சமூக வழக்கம், மெல்ல மாறும் என்று விட்டுவைத்தார்கள். 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கட்டளை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பெரிய கலகம். வேதநாயக சாஸ்திரியாரே அதை எதிர்த்து எழுதினார். கவி பெரியவர்தான், இந்த விஷயத்தில் நாம் அவர் பக்கம் நிற்க முடியாது. பிறகு தரங்கம்பாடிப் பணியை ஏற்ற லைப்சிக் மிஷன் இதில் மென்மையாகப் போனது. அதனால் ஆங்கிலிக்கன் சபையை விட்டுச் சிலர் லுத்தரன் சபைக்கு வந்ததும் உண்டு. முதல் உலகப்போரின்போது ஜெர்மன்காரர்கள் வெளியேற, சுவீடன் மிஷனின் துணையோடு 1919 ஜனவரி 14ஆம் தேதி தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித்து நின்றது. 1956இல் மாணிக்கம் ஐயர் அதன் முதல் இந்தியப் பிஷப் ஆனார். அந்தப் பதவிக்குத் தரங்கம்பாடிப் பேராயர் என்றே இன்றும் பெயர்.

நான் போயிருந்தபோது கோயில்பிள்ளை கதவைத் திறந்துவிட்டார். எங்கே உட்காருவது என்று தயங்கி நின்றேன்.

"எங்க வேணா உட்காருங்க ஐயா. எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நாலு வார்த்தைக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

இதை எழுதும்போது எங்கள் வீட்டையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். சமவசரணத்திலும் 12 கோட்டங்கள் உண்டு. துறவியர், தேவர், மனிதர், விலங்கு என்று தனித்தனி இடம். ஆனால் அங்கே புலியும் பசுவும் ஒரே கோட்டத்தில் பகை மறந்து இருப்பதாகச் சொல்கிறோம். சொல்கிறோமே தவிர, எங்கள் ஜினாலயங்களிலும் எல்லாக் காலத்திலும் எல்லாரையும் உள்ளே விட்டோமா என்று கேட்டால் நான் தலைநிமிர்ந்து பதில் சொல்ல முடியாது.

கடல் நெருங்குகிறது

தரங்கம்பாடியில் கடல் மெல்ல உள்ளே வருகிறது. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதிகளை அலை அரித்துக் கொண்டுபோய்விட்டது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலையில் இந்த ஊர் பட்ட பாடு எல்லாரும் அறிந்தது. அதன் பிறகு இந்தியக் கலை, பண்பாட்டு மரபு அறக்கட்டளையும் டென்மார்க்கைச் சேர்ந்த அமைப்புகளும் சேர்ந்து ஊரின் பழைய வீடுகள் பலவற்றைப் பழுதுபார்த்தன. 2006இல் சீகன்பால்கு வந்து 300 ஆண்டு நிறைந்தது. 2018இல் ஆலயத்துக்கு 300 ஆண்டு. இன்னும் ஞாயிறுதோறும் அங்கே தமிழில் ஆராதனை நடக்கிறது. இது காட்சிசாலை அல்ல, ஜனங்கள் வந்துபோகும் கோயில் என்பதுதான் இதன் பலம்.

உப்புக்காற்று சுண்ணாம்புப் பூச்சைத் தின்னும், மரச்சாமானை உளுக்கும், பித்தளையைப் பச்சையாக்கும். வியாபாரி என்ற முறையில் ஒன்று சொல்வேன். பழைய பெஞ்சை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி போடுவது, பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டுப் புதுசு வாங்குவது, இதெல்லாம் எல்லாச் சமயத்துக் கிராமக் கோயில்களிலும் நடக்கிறது. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு சாமான் போனால் அதில் எழுதியிருந்த கணக்கும் போய்விடும். முதலில் ஒரு நோட்டுப் போட்டு, என்ன பொருள், யார் கொடுத்தது, எந்த வருஷம் என்று எழுதி வைத்தாலே பாதி காப்பாற்றிய மாதிரி.

முடிவாக

கட்டடம் ஒரு வாக்குறுதி. அதற்குள் நாம் உட்காருகிற விதம்தான் அந்த வாக்குறுதிக்குக் கட்டும் தவணை. தரங்கம்பாடியில் 1718இல் நான்கு கையும் சமம் என்று கல் போட்டார்கள். அந்தக் கடனை அடைக்க 200 ஆண்டுக்கு மேல் ஆயிற்று. முழுக்க அடைந்ததா என்பதை அந்தச் சபையாரே சொல்ல வேண்டும். அதற்காகக் கட்டியவர்களை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சமமாக அளந்து கட்டியிருந்ததால்தானே பின்னால் வந்தவர்கள் "ஏன் இப்படி உட்காருகிறோம்?" என்று கேட்க முடிந்தது.

நம் சங்க ஆண்டு விழாவிலும் முன்வரிசையில் மெத்தை போட்ட நாற்காலி உண்டு; நடுவில் மடக்கு நாற்காலி; சமையல்கட்டில் வேலை பார்த்தவர்களும் பந்தல் போட்டவர்களும் பின்னால் நிற்பார்கள். பிழைக்க வந்த ஊரில் தமிழ் என்ற ஒன்றுக்காகத்தான் கூடுகிறோம். இந்த வருஷம் நாற்காலி போடும்போது தரங்கம்பாடியை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோம்.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும் அன்பர்கள், திருக்கடையூரிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளிப் போய் அந்த ஆலயத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, எந்தக் கையில் வேண்டுமானாலும் உட்காருங்கள். நடுவில் பேசுவது நான்கு பக்கமும் கேட்கும்.